பச்சை விளக்கு யாரை எண்ணுகிறது?

பச்சை விழுந்த பிறகு நிறுத்தக் கோட்டைத் தாண்ட ஒரு காருக்கு ஏறத்தாழ 2 விநாடி ஆகிறது. முதல் இரண்டு மூன்று கார்கள் கிளம்புவதில் சற்றுத் தாமதம் இருக்கும். அதன்பின் சீராக 2 விநாடிக்கு ஒன்று. ஆகவே 30 விநாடிப் பச்சையில் ஒரு தடத்திலிருந்து 14 கார்கள் வெளியேறினால், அந்தச் சந்திப்பு தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது என்று பொருள். எந்த ஊராக இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கணினியாக இருந்தாலும், மனிதர் ஓட்டும் காரின் இந்த 2 விநாடியை ஒன்றாகக் குறைத்துவிட முடியாது. சாலைப் பொறியியலின் அடிக்கணக்கு இது.

அந்த 14 கார்களில் பெரும்பாலானவற்றில் ஓட்டுநர் மட்டுமே இருப்பார். மொத்தம் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். அதே தடத்தில் ஒரு ரேபிட் கேஎல் பேருந்து நின்றால், இரண்டு மூன்று கார்களின் நேரத்தை எடுத்துக்கொண்டு, நின்றும் உட்கார்ந்தும் ஐம்பது அறுபது பேரைக் கொண்டுபோய்விடும். விளக்கை இயக்கும் கணினி அந்தப் பேருந்தை ஒரு வாகனமாக எண்ணுகிறதா, அறுபது மனிதர்களாக எண்ணுகிறதா? கோலாலம்பூரின் விவேக நகர்த் திட்டங்களைப் பற்றி எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். மென்பொருளின் பெயரும் கேமராக்களின் எண்ணிக்கையும் எனக்கு அதற்குப் பிறகுதான்.

நெரிசலின் அளவு நமக்குப் புதிதல்ல. மலேசியாவில் பதிவான வாகனங்கள் மக்கள்தொகையைவிட அதிகம். உலக வங்கி 2015-இல் வெளியிட்ட மலேசியப் பொருளாதார அறிக்கை, பெருநகர்க் கோலாலம்பூர் மக்கள் ஆண்டுக்கு 250 மில்லியன் மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் கழிப்பதாகக் கணக்கிட்டது. பணமாகப் பார்த்தால் நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.1 முதல் 2.2 விழுக்காடு. இதைப் படிக்கும் பலர் அந்த மணி நேரங்களில் தங்கள் பங்கை ஜாலான் கூச்சிங்கிலோ ஃபெடரல் நெடுஞ்சாலையிலோ இன்று காலையும் செலுத்தியிருப்பார்கள்.

விளக்கு எப்படி முடிவெடுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், தொழில்நுட்பத்தால் ஆவது எது, ஆகாதது எது என்பது தெளிவாகும்.

மிகப் பழைய முறை கடிகாரம். காலைக்கு ஓர் அட்டவணை, நண்பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. எந்தப் பக்கத்துக்கு எத்தனை விநாடிப் பச்சை என்பதைப் பொறியாளர் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவார். வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1958-இல் தந்த சூத்திரம் இத்தகைய அட்டவணைகளுக்கு இன்றும் அடித்தளம். ஒரு பக்கத்துப் பச்சை மறைந்து அடுத்த பக்கத்துக்கு வருவதற்குள், மஞ்சளுக்கும் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் கணத்துக்குமாக நாலைந்து விநாடி வீணாகிறது. நான்கு முனைச் சந்திப்பில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இருபது விநாடி இப்படியே கரைந்துவிடும். சுற்றை நீட்டினால் வீணாகும் பங்கு குறையும், ஆனால் எல்லோரும் காத்திருக்கும் நேரம் கூடும். கார்களின் வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு நீண்ட சுற்று லாபமாகத் தெரியும். வெயிலில் குழந்தையைக் கையில் பிடித்தபடி நடைபாதை ஓரம் நிற்கும் தாய்க்கு அது இரண்டு நிமிடக் காத்திருப்பு.

மாலை நேரத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் சாலையோரப் பெட்டியைத் திறந்து கையால் விளக்கை மாற்றுவதைக் கோலாலம்பூர்வாசிகள் எல்லோரும் பார்த்திருப்போம். கண்முன்னே நீளும் வரிசை கரையும்வரை அவர் பச்சையை நிறுத்திவைப்பார். வரிசையும் கரையும். ஆனால் அவர் அனுப்பிவிட்ட கார்கள் அடுத்த சந்திப்பில் போய் எப்படி அடைத்துக்கொண்டன என்பது அங்கே நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. மழையிலும் புகையிலும் நின்று வேலை செய்யும் அந்த மனிதர்மேல் எனக்குக் குறையில்லை. ஒரே ஒரு சந்திப்பைப் பார்த்து முடிவெடுத்தால் எட்டக்கூடிய தூரம் அவ்வளவுதான்.

அந்தத் தூரத்தை நீட்டத்தான் 1970-களில் இரண்டு முறைகள் பிறந்தன. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்காக நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சாலைத் துறை உருவாக்கியது ஸ்காட்ஸ். பிரிட்டனில் உருவாகி 1975-இல் கிளாஸ்கோவில் சோதித்துப் பார்க்கப்பட்டது ஸ்கூட். இரண்டுக்கும் கண்ணாக இருந்தது தாருக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள். மேலே இரும்புப் பொருள் வந்து நின்றால் சுருளின் மின்தூண்டல் மாறும், அதை வைத்து வண்டி வந்துவிட்டது என்று கணினி அறியும். பிறகு மூன்று விஷயங்களைக் கணினி கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே இருக்கும். ஒரு சுற்று எத்தனை விநாடி, அதில் எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு பங்கு, அடுத்தடுத்த சந்திப்புகளின் பச்சைகளுக்கு இடையே எவ்வளவு தள்ளல். மூன்றாவதுதான் பச்சை அலை எனப்படுவது. இரண்டு விளக்குகளுக்கு இடையே 400 மீட்டர், வண்டிகள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால், இரண்டாவது விளக்கு 36 விநாடி தள்ளிப் பச்சையானால் போதும், முதல் விளக்கில் கிளம்பிய கூட்டம் பிரேக் போடாமல் கடந்துவிடும்.

கணக்கு அழகானதுதான். முன்னால் இடம் இருக்கும்வரை அது பலிக்கும். சந்திப்பின் நடுவே வரைந்திருக்கும் மஞ்சள் கட்டத்துக்குள் நாலு கார் மாட்டிக்கொண்டால், பச்சை எரியும், யாரும் நகர மாட்டார்கள். நம் நகரின் மாலை நேரத்தில் வீணாகும் பச்சை பெரும்பாலும் இந்த வகைதான். அப்போது நல்ல கணினி செய்ய வேண்டியது உள்ளே வரும் வண்டிகளை ஒரு சந்திப்புக்கு முன்பே நிறுத்திவைப்பது. வரிசையில் நிற்பவருக்கு அது எரிச்சலாக இருக்கும். மொத்த நகரத்துக்கு அதுவே மேல்.

கம்பிச் சுருளுக்கு இன்னொரு குறை உண்டு. கார் அளவு இரும்புக்குப் பழக்கிய சுருள், ஓரமாக நுழைந்து முன்னே போய் நிற்கும் மோட்டார் சைக்கிளை எளிதில் தவறவிடும். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார்காரர்கள் என்பதை நினைத்தால், அவர்களைப் பார்க்கத் தெரியாத கண் எவ்வளவு பெரிய குறை என்பது விளங்கும். கேமரா வந்ததன் உண்மையான பயன் இங்கேதான் என்பது என் கருத்து. படத்தைப் பார்த்து இது கார், இது லாரி, இது மோட்டார், இது நடந்து போகிறவர் என்று பிரித்தறிய இன்றைய மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். கற்றுக்கொடுத்தால்தான் தெரியும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. வெளிநாட்டுச் சாலைப் படங்களை வைத்துப் பழக்கிய மென்பொருளுக்கு, சிவப்பு விளக்கின் முன்னே முப்பது மோட்டார்கள் விசிறிபோல் விரிந்து நிற்கும் காட்சி புதியது.

கோலாலம்பூர் இந்தப் பாதையில் காலடி வைத்து இருபது ஆண்டுகளாகிவிட்டன. ஐடிஐஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒருங்கிணைந்த போக்குவரத்துத் தகவல் முறையை மாநகர் மன்றம் 2000-களின் நடுவில் தொடங்கியது. சாலைக்கு மேலே நிற்கும் மின்பலகைகளில் 'முன்னே நெரிசல்' என்று எழுத்து ஓடியது அப்போதிருந்துதான். புக்கிட் ஜாலிலில் அமைந்த அந்த மையம் இன்று நகரின் கட்டளை, கட்டுப்பாட்டு மையமாக வளர்ந்திருக்கிறது. 2018 ஜனவரியில் அலிபாபா கிளவுட் நிறுவனமும், மலேசிய மின்னியல் பொருளாதாரக் கழகமும், மாநகர் மன்றமும் சேர்ந்து 'மலேசியா சிட்டி பிரெய்ன்' திட்டத்தை அறிவித்தன. சீனாவின் ஹாங்சோ நகரில் 2016-இல் தொடங்கிய அந்த முறை சீனாவுக்கு வெளியே வந்தது அதுவே முதல் தடவை. முதல் கட்டத்தில் 382 கேமராக்களின் படங்களும் 281 விளக்குச் சந்திப்புகளின் தரவும் அதற்குள் போகும் என்று சொன்னார்கள். எந்தத் தடத்தில் எத்தனை வண்டி, என்ன வேகம் என்று சுருக்கித் தருவதும், ஆம்புலன்ஸ் வந்தால் வழியெங்கும் பச்சை விடுவதும் அதன் நோக்கங்களில் சேர்ந்தவை.

அறிவிப்பு வந்தபோது நானும் ஆவலோடு படித்தேன். ஆனால் ஹாங்சோ வேறு மண். அங்கே அகலமான சாலைகள் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்கின்றன, விளக்குகள்தான் ஓட்டத்தை ஆள்கின்றன. நம் கோலாலம்பூர் இரண்டு ஆறுகள் கூடும் சேற்று முகத்தில் தொடங்கி, குன்றுகளைச் சுற்றி, பிறகு நெடுஞ்சாலைகளால் தைக்கப்பட்ட ஊர். நகரைச் சுற்றி ஓடும் எம்ஆர்ஆர்2 வட்டச் சாலையில் காலையில் நிற்பவர் எந்த விளக்குக்காகவும் நிற்பதில்லை. மூன்று தடம் இரண்டாகச் சுருங்கும் இடம், பக்கச் சாலை வந்து இணையும் இடம், ஒருவர் கடைசி நேரத்தில் வலமிருந்து இடத்துக்குப் பாயும் இடம், இவைதான் அங்கே நெரிசலின் ஊற்றுகள். விளக்கே இல்லாத இடத்தில் எத்தனை புத்திசாலி விளக்குகள் இருந்தும் என்ன செய்யும்? மினியாபோலிஸ் போன்ற நகரங்களில் நெடுஞ்சாலை ஏறும் வாசலில் ஒரு சிறு விளக்கு வைத்து, ஒரு பச்சைக்கு ஒரு கார் என்று துளித்துளியாக உள்ளே விடுகிறார்கள். இணையும் இடம் உடையாமல் இருக்க அது உதவுகிறது. நம் ஊரில் நான் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய ஒன்று.

சுங்கச் சாவடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1997-இல் டச் அண்ட் கோ அட்டை வந்தது, பிறகு அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் ஸ்மார்ட் டேக், 2018-இலிருந்து கண்ணாடியில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி வில்லை. ஒவ்வொரு படியிலும் வண்டி நிற்கும் நேரம் குறைந்தது. தடுப்புக் கம்பியே இல்லாமல் ஓடிக்கொண்டே கட்டணம் செலுத்தும் முறைதான் அடுத்தது. அது வந்தால் சாவடியில் நிற்கும் வரிசை அடுத்த இணைப்புக்கு நகரும், காணாமல் போய்விடாது.

இதற்கிடையில், மாநகர் மன்றம் எதையும் நிறுவாமலேயே நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் வந்துவிட்டது. வழிகாட்டிச் செயலியைச் சொல்கிறேன். வேஸ் இஸ்ரேலில் பிறந்து 2013-இல் கூகிள் வாங்கிய செயலி, இன்று அது இல்லாமல் காடியைக் கிளப்பாத மலேசியர்கள் ஏராளம். இந்தச் செயலிகளின் அறிவு நம் கைப்பேசிகள்தாம். ஆயிரம் பேரின் கைப்பேசி ஒரே சாலையில் ஊர்ந்தால் அது சிவப்புக் கோடாகிறது. அவர்கள் எல்லோருக்கும் ஒரே மாற்று வழி சொல்லப்பட்டால், பத்து நிமிடத்தில் அந்த மாற்று வழியும் சிவப்பாகிறது. டீட்ரிச் பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் 1968-இலேயே இதன் வேரைக் காட்டிவிட்டார். ஒவ்வொருவரும் தனக்கு விரைவான வழியைத் தேர்ந்தால், புதிய சாலை ஒன்றைச் சேர்த்த பிறகும் எல்லோருடைய பயணமும் முன்பைவிட நீளலாம். அவர் காட்டியது தாளில் ஒரு கணக்கு. எங்கள் தாமானில் அது காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் நடக்கிறது. இரண்டு கார் ஒதுங்கிப் போகவே சிரமமான தெருவில் ஜாலான் ஈப்போவுக்குப் போகிறவர்கள் வரிசை கட்டுகிறார்கள், குழந்தைகள் அவற்றின் நடுவே புகுந்து போகிறார்கள். செயலியைப் பொறுத்தவரை அந்தக் கார்காரர்களுக்கு மூன்று நிமிடம் மிச்சம். அந்தத் தெருவில் வசிப்பவர்களின் காலை அதன் கணக்கில் இல்லை.

இத்தனைக்கும் நடுவே, உலகத்துக்கே எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க ஒரு விவேகப் போக்குவரத்து முறை நம்மிடம் 2007-லிருந்து இருக்கிறது. அதை யாரும் விவேக நகர்ப் பட்டியலில் சேர்த்துப் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். ஸ்மார்ட் சுரங்கப்பாதைதான் அது. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளநீர்ச் சுரங்கம். அதன் நடுப்பகுதியில் 3 கிலோமீட்டருக்கு இரண்டு அடுக்காகச் சாலை. அடியில் தண்ணீருக்குத் தனி வழி. கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் கூடும் இடத்துக்கு வரும் நீரின் அளவைக் கருவிகள் அளந்துகொண்டே இருக்கின்றன. ஓட்டம் சாதாரணமாக இருக்கும்போது சுரங்கம் வெறும் சாலை. விநாடிக்கு 70 கன மீட்டரைத் தாண்டினால் கம்போங் பெரெம்பாங் குளத்து வழியாக வந்த நீர் அடிவழியில் திருப்பிவிடப்படுகிறது, மேலே கார்கள் ஓடிக்கொண்டே இருக்கும். 150-ஐத் தாண்டும் பெருமழை என்றால் சாலை மூடப்பட்டு, வண்டிகள் வெளியேற்றப்பட்டு, நீர்புகாக் கதவுகள் திறக்கப்பட்டு, கார் போன வழியில் வெள்ளம் போகிறது. நகரின் நடுப்பகுதி முழங்கால் தண்ணீரில் நிற்காமல் தப்புகிறது.

மாலை நாலரைக்கு வானம் கறுத்து இடி இறங்கும் நாள்களில் இந்த முறையை நினைத்தால் எனக்கு மதிப்பு கூடுகிறது. சாலையைப் பார்க்கும் நெடுஞ்சாலை வாரியமும் தண்ணீரைப் பார்க்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறையும் ஒரே திட்டத்துக்குள் கட்டப்பட்டிருக்கின்றன. எதை அளப்பது, எந்த எண்ணைத் தாண்டினால் யார் என்ன செய்வது, எது எதற்கு விட்டுக்கொடுப்பது என்பது கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. கார் முக்கியம், நகரம் மூழ்காமல் இருப்பது அதைவிட முக்கியம். இப்படி ஒரு வரிசை தெளிவாக எழுதப்பட்டிருப்பதால் கணினிக்கும் கதவுக்கும் குழப்பமில்லை. தரைக்கு மேலே இருக்கும் சந்திப்புகளுக்கு அப்படியொரு முன்னுரிமை வரிசை எழுதப்பட்டு, நம் பார்வைக்கு வைக்கப்பட்டதை நான் கண்டதில்லை. இந்தச் சுரங்கத்தில்கூட மோட்டாருக்கு அனுமதி கிடையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். மழையில் பாலத்தடியில் ஒதுங்கி நிற்பவர்கள் அவர்கள்தாம்.

இனி நாள்காட்டி. கணினியின் முன்கணிப்பு பெரும்பாலும் பழைய நாள்களைப் பார்த்துத்தான் வருகிறது. போன செவ்வாய், அதற்கு முந்தைய செவ்வாய் என்று அடுக்கி, இந்தச் செவ்வாய் இப்படி இருக்கும் என்கிறது. கோலாலம்பூரில் ஒரே நாளில் நாலு நாள்காட்டிகள் ஓடுகின்றன. நோன்பு மாதத்தில் வீடு போய்ச் சேர்ந்து நோன்பு துறக்க வேண்டும் என்பதால் மாலை நெரிசல் முன்னதாகவே தொடங்கிவிடும், அந்த மாதமோ ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவு முன்னே நகர்கிறது. வெள்ளிக்கிழமை நண்பகல் பள்ளிவாசல்களைச் சுற்றி வேறு ஓட்டம். சீனப் பெருநாளில் ஊரே காலி. தைப்பூசமோ பூச நட்சத்திரத்தைப் பின்பற்றி வருவது. 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. ஆங்கிலத் தேதியை மட்டும் படித்த மென்பொருளுக்கு இதில் எந்த ஒழுங்கும் தெரியாது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்துக்குத் தெரியும்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னதாக இரவில், ஜாலான் துன் எச்.எஸ். லீயில் 1873-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் புறப்படுகிறது. பத்துமலைக்கு சுமார் 15 கிலோமீட்டர். ஜாலான் ஈப்போ நெடுகத் தேங்காய்க் குவியல்கள், தண்ணீர்ப் பந்தல்கள், அர்ச்சனைத் தட்டோடு காத்திருக்கும் குடும்பங்கள். இரதம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், நகர வேண்டிய வேகத்தில் நகரும், மறுநாள் போய்ச் சேரும். வண்டிகளை எண்ணப் பழகிய கேமரா அந்த இரவில் ஜாலான் ஈப்போவைப் பார்த்தால் என்ன சொல்லும்? வாகன எண்ணிக்கை குறைவு, சராசரி வேகம் மிகக் குறைவு என்று சொல்லும். ஓர் ஆண்டில் அந்தச் சாலை மிக அதிகமான மனிதர்களைச் சுமக்கும் இரவு, தரவில் ஒரு கோளாறாகப் பதிவாகும்.

அன்று உண்மையில் வேலை செய்வது வேறு ஏற்பாடு. தடுப்பு வைக்கும் போலீசார், ஆலயத் தொண்டர்கள், இரவெல்லாம் ஓடும் கேடிஎம் கொமுட்டர். 2010-இல் பத்துமலைவரை நீண்ட அந்த ரயில் பாதை தைப்பூசக் கூட்டத்துக்குச் செய்த உதவியை எந்த மின்பலகையும் செய்ததில்லை. அதே சமயம் தொழில்நுட்பம் உதவக்கூடிய இடமும் தெளிவாகவே இருக்கிறது. இரதம் இப்போது எங்கே என்பது நேரடியாகத் தெரிந்தால், பின்னால் விடுபட்ட சாலைகளை உடனுக்குடன் திறக்கலாம், ஆம்புலன்ஸுக்குக் குறுக்கு வழி வைத்திருக்கலாம், அடுத்த பேருந்தை எங்கே திருப்புவது என்று சொல்லலாம். அதற்குக் குறுக்கே நிற்பது ஒரு கோடு. இரதம் கிளம்பும் இடம் கூட்டரசுப் பிரதேசம், கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் ஆட்சி. போய்ச் சேரும் பத்துமலை சிலாங்கூர், செலாயாங் நகராண்மைக் கழகத்தின் ஆட்சி. பக்கத்தில் ஓடும் எம்ஆர்ஆர்2 கூட்டரசுச் சாலை. ரயில் வேறு நிறுவனம். பக்தருக்கு ஒரே பயணம், நிர்வாகத்துக்கு நாலு கோப்பு.

2024 டிசம்பரில் நாடாளுமன்றம் தரவுப் பகிர்வுச் சட்ட மசோதாவை நிறைவேற்றியபோது இதைத்தான் நினைத்தேன். கூட்டரசு அமைப்புகள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ள அது வழி செய்கிறது. மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் நெரிசலில் பெரும்பகுதி சிலாங்கூரில் வீடும் கோலாலம்பூரில் வேலையுமாக இருப்பவர்களின் நெரிசல். அந்த எல்லைக் கோட்டில்தான் தரவும் நிற்கிறது.

கேமரா என்றதும் எழும் இன்னொரு கவலையையும் தள்ளிவிடக் கூடாது. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. விளக்கின் நேரத்தை மாற்ற எண்ணிக்கை போதும், முகமோ வண்டி எண்ணோ தேவையில்லை. கேமராவுக்குள்ளேயே எண்ணி முடித்து, படத்தை அழித்துவிட்டு, எண்ணை மட்டும் மையத்துக்கு அனுப்பும் கருவிகள் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஒப்பந்தம் எழுதும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது தொடங்கிய கேள்விக்குத் திரும்புகிறேன். கணினி சிறப்பாக வேலை செய்து ஒரு சாலையில் பத்து விழுக்காடு நேரம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமான இடம் காலியாக இருக்காது. இதுவரை எல்ஆர்டி ரயிலில் போனவர், அரை மணி முன்னதாகக் கிளம்பியவர், வேறு வழியில் சுற்றியவர் என மூவரும் அந்தச் சாலைக்கு வருவார்கள். அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1962-இலேயே சொன்ன உண்மை இது. உச்ச நேர நெடுஞ்சாலை எவ்வளவு பெரிதானாலும் நிரம்பியே தீரும். ஆகவே விளக்குகளை விவேகமாக்கிக் கிடைக்கும் விநாடிகளைக் கார்களுக்கே திருப்பிக் கொடுத்தால் இரண்டு ஆண்டில் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். அதே விநாடிகளைப் பேருந்துக்கும் நடப்பவருக்கும் கொடுத்தால் அவை நிலைக்கும். பேருந்து நேரத்துக்கு வந்தால் மக்கள் ஏறுவார்கள், ஏறினால் சாலையில் காடி குறையும்.

இதற்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. பேருந்து இருக்கும் இடம் ஒவ்வொரு கணமும் தெரிகிறது, ரேபிட் கேஎல் பேருந்துகளின் நேரடி இருப்பிடத்தை அரசின் திறந்த தரவுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அன்றாடம் எத்தனை பேர் எந்த ரயிலில் போனார்கள் என்ற எண்ணும் அங்கேயே வெளியாகிறது. மலேசிய அரசு அண்மை ஆண்டுகளில் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். 50 வெள்ளிக்கு மாதம் முழுதும் பயணிக்கும் மை50 அட்டை இருக்கிறது. 57.7 கிலோமீட்டர் நீளமுள்ள புத்ராஜெயா எம்ஆர்டி ரயில் தடம் 2023 மார்ச் முதல் முழுதாக ஓடுகிறது. மாநகர் மன்றத்தின் 2040 திட்டங்களே பத்தில் ஏழு பயணங்கள் பொதுப் போக்குவரத்தில் நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கின்றன. பேருந்து நெருங்கும்போது பச்சையை ஐந்து விநாடி நீட்டுவதோ, சிவப்பை ஐந்து விநாடி முன்னதாக முடிப்பதோ ஸ்காட்ஸ், ஸ்கூட் போன்ற முறைகளுக்குப் பழைய வித்தை. பேருந்தின் இருப்பிடம் விளக்கின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். சேர்ந்த பிறகும் சாலையோரத்தில் இரட்டை வரிசையாக நிறுத்திவிட்டு ரொட்டி சானாய் வாங்கப் போகும் காடி ஒரு தடத்தையே அடைத்துக்கொண்டிருந்தால் அந்த ஐந்து விநாடியும் போச்சு. அது கணினியின் வேலை இல்லை, நம்முடையது.

நடப்பவரைப் பற்றி எழுதும்போது எனக்குப் பிரிக்பீல்ட்ஸ்தான் நினைவுக்கு வரும். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், ஜாலான் துன் சம்பந்தனிலும் அதன் கிளைத் தெருக்களிலும் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைத் தினமும் பார்க்கலாம். ஒரு நடைகடப்பின் பச்சை நேரத்தைக் கணக்கிடும்போது பொறியாளர்கள் பொதுவாக விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தை எடுத்துக்கொள்வார்கள். நான்கு தடச் சாலை 14 மீட்டர் என்றால் 12 விநாடி. எழுபது வயதில், கையில் காய்கறிப் பையோடு 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் பாட்டிக்கு 17 விநாடிக்கு மேல் ஆகும். சிங்கப்பூர் 2009-லிருந்து முதியோருக்கும் உடற்குறையுள்ளோருக்கும் ஓர் அட்டை தருகிறது. கடக்கும் இடத்துப் பெட்டியில் அதைத் தட்டினால், அந்த ஒருவருக்காகப் பச்சை 3 முதல் 13 விநாடிவரை நீளும். பெரிய செயற்கை நுண்ணறிவெல்லாம் அதில் இல்லை. ஓர் அட்டை, ஒரு வாசிப்பான், நடப்பவரை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளும் ஒரு முடிவு.

பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பழக்கமான ஓர் அண்ணன் இருக்கிறார். பிறவியிலேயே பார்வையில்லாதவர், உடல்பிடித்துவிடும் வேலை செய்கிறார். ஒரு மாலை அவரோடு சாலையோரம் நின்றிருந்தேன்.

"எப்படிண்ணே தெரியும், இப்ப போகலாம்னு?" என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் இஞ்சின் சத்தம்தான் தம்பி. வண்டி நின்னா உறுமிக்கிட்டே நிக்கும், கிளம்புனா மாறும். இப்ப மின்சாரக் காடி வந்து மூக்கு முன்னால நின்னாலும் தெரிய மாட்டேங்குது. இந்தப் பெட்டி டிக் டிக்னு சத்தம் போடுதே, அதைத்தான் நம்புறேன். மெதுவா அடிச்சா நில்லு, வேகமா அடிச்சா போ."

பெட்டி வேகமாக அடிக்கத் தொடங்கியது. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். காலால் தரையை உணர்ந்து, கோலால் தடவி, தன் இயல்பான நடையில் வந்தார். நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். எதிர்ப்பக்கத்து ஓரக்கல்லை அவருடைய கோல் தொட்டபோது 19 விநாடி ஆகியிருந்தது.